பொம்பளைங்க சமாச்சாரம்

ஜூன் 3, 2025

இன்று கீரமங்கலம் மேலத் தெரு முழுக்கக் கரண்டு ரீடிங். மீட்டர் பெட்டியை ஆள் உயரத்தில் வைக்கக்கூடாது என்று இந்த ஊரில் ஏதோ சபதம் போலிருக்கிறது. ஒன்று கூரையை ஒட்டி இருக்கும், இல்லையென்றால் தேங்காய் மட்டைக் குவியலுக்குப் பின்னால். நிமிர்ந்தால் கழுத்து பிடிக்கிறது, குனிந்தால் முதுகு. முன்னால் இருக்கிற பாரம் நான் சாய்கிற பக்கமெல்லாம் கூடவே சாய்கிறது. மத்தியானம் நிழலில் உட்கார்ந்து தோளைத் தடவிப் பார்த்தேன். பிரா பட்டை அழுத்தி அழுத்தி, விரல் வைத்தால் உள்ளே போகிற அளவுக்குப் பள்ளம்.

திருச்சி டாக்டரம்மா தேதி கொடுத்துவிட்டார். பதினேழு. மார்பைக் குறைக்கிற ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடையாதாம். அழகுக்காகச் செய்வதாம். அழகுக்காகவா! அவர்களில் ஒருத்தர் இதைச் சுமந்துகொண்டு ஒரு நாள் மேலத் தெருவில் ரீடிங் எடுத்துப் பார்க்கட்டும். போகட்டும், என் சம்பளத்தில் கட்டின சீட்டுப் பணம் இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "ஒன் ஒடம்பு, ஒன் காசு. நான் என்னத்தச் சொல்ல? ஒரு மாசம் நான் சமைக்கணுமேன்னுதான் பயமா இருக்கு."

"ஒங்களுக்கு என்ன பயம்?"

"எனக்கில்ல. சாப்பிடப்போற ஒன்னய நெனச்சு."

ஜூன் 5

ஆத்தாவிடம் போனில் சொன்னேன். உடனே, "சாமி குடுத்தத வெட்டி எறியுறதா? எனக்கும் இதே பாரந்தான். நான் சொமக்கலையா?"

"சொமந்த. அதான் கூன் விழுந்து கெடக்க."

போனை வைத்துவிட்டது. வாய், வாய், எனக்கு வாய்தான் சத்துரு. பெத்தவளிடம் இப்படியா பேசுவது?

ஜூன் 6

விடிந்ததும் விடியாததுமாக ஆத்தா முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது. கையில் துணிப்பை.

"ஆசுபத்திரியில யாரு கூட இருக்கது? மாப்பிள்ளைக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான். நேற்றைய பேச்சை அதுவும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு இட்லி கூடுதலாக வைத்தேன்.

ஜூன் 9

லீவு லெட்டர். உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினேன், அடித்தேன், கிழித்தேன். கடைசியில் "அறுவை சிகிச்சைக்காக" என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

எங்கள் ஆபீஸர் ஆத்மநாதன் சார் படித்துவிட்டு, "என்னம்மா பிரகதீஸ்வரி, என்ன ஆபரேஷன்?" என்றார். நல்ல மனுஷன், அக்கறையாகத்தான் கேட்டார்.

"பொம்பளைங்க சமாச்சாரம் சார்."

அவ்வளவுதான். கையெழுத்து விழுந்துவிட்டது. மனுஷன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டே போட்டார். இந்த வார்த்தைக்கு இப்படியொரு சக்தி இருப்பது தெரிந்திருந்தால் போன வருஷமே டிரான்ஸ்ஃபர் கேட்டிருப்பேன்.

ஆனால் வெளியே வந்ததும் என்மேலேயே எரிச்சல். வலிக்கிறது, குறைத்துக்கொள்ளப் போகிறேன். இதைச் சொல்ல ஏன் நாக்கு எழவில்லை? முழங்கால் என்றால் சொல்லியிருப்பேனே. சொன்னால் சிரிப்பார்கள். இந்த வயசுல இவளுக்கு இது கேக்குதா என்பார்கள். இருபது வருஷமாக வலித்ததைவிட இந்தப் பேச்சுக்குத்தான் பயப்படுகிறேன். வெட்கக்கேடு.

பக்கத்து சீட் ஆஃப்ரீனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஜூன் 16

நாளைக்கு. பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது.

ஜூன் 19

எழுத முடிகிறது. கை தூக்கத்தான் முடியவில்லை. நெஞ்சு முழுக்கக் கட்டு. இரண்டு பக்கமும் டியூப். வலி இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் நர்ஸ் பிடித்து உட்காரவைத்தபோது தோள் இரண்டும் காதுப் பக்கம் தானாக எழும்பின மாதிரி இருந்தது. யாரோ பின்னாலிருந்து தூக்கிவிடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தேன்.

இவர் டாக்டரம்மாவிடம், "எவ்வளவு எடுத்தீங்க மேடம்?" என்று கேட்டார். ஒன்றரைக் கிலோ பக்கம் இருக்கும் என்றார்.

"அடேயப்பா! ஞாயித்துக்கெழம விருந்தாளி வந்தாத்தான் நாங்க அவ்வளவு கறி எடுப்போம்."

சிரித்ததில் தையல் இழுத்து உயிர் போய்விட்டது. ஆத்தா அவரை வெளியே துரத்திவிட்டது.

ஜூன் 29

வீடு. டியூப் எடுத்தாயிற்று. இவர் வைத்த ரசத்தை ஆத்தா ரகசியமாகக் கொட்டிவிட்டுப் புதுசு வைத்தது.

ஆஃப்ரீன் போன் பண்ணினாள். ஆபீஸில் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்களாம். டீக்கடையில் கேன்சராம். வாட்ச்மேன் வீட்டம்மா மட்டும், நான் முழுகாமல் இருப்பதாகவும் வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை என்றும் அடித்துச் சொல்கிறாளாம்.

"நீ என்னடி சொன்ன?"

"நான் ஒண்ணுமே சொல்லலக்கா. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, தலையாட்டிக்கிட்டே இருக்கேன்."

நான் மென்று முழுங்கினதை ஊர் சேர்ந்து நிரப்புகிறது. தப்பு அவர்கள் மேல் இல்லை.

ஜூலை 7

இன்றைக்குத்தான் கண்ணாடியில் முழுசாகப் பார்த்தேன். தையல் தழும்பு சிவப்பாக, கோணலாக... ஐயோ, நல்லா இருந்த ஒடம்ப நானே காசு குடுத்து இப்படிப் பண்ணிக்கிட்டேனே. கொள்ளைநேரம் அழுதேன். ஆத்தா கதவைத் தட்டி உள்ளே வந்தது. பார்த்தது. தழும்பைத் தொடவில்லை. தோளில் இருக்கிற பள்ளத்தைத்தான் கட்டைவிரலால் தடவியது. பிறகு தன் ரவிக்கையைக் கொஞ்சம் விலக்கி, தன் தோளைக் காட்டியது. என்னுடையதைவிட ஆழம்.

"என் காலத்துல இந்த வைத்தியம் இருந்திருந்தா நானும் போயிருப்பேன்டி" என்றது.

அப்புறம் வேறு மாதிரி அழுதேன்.

ஜூலை 18

பீரோவில் இருக்கிற ரவிக்கை ஒன்றும் சேரவில்லை. எல்லாம் கோயில் உண்டியல் பை மாதிரி தொங்குகிறது. டெய்லரிடம் எல்லாவற்றையும் பிடிக்கக் கொடுத்தேன். "ரொம்ப எளைச்சிட்டீங்கக்கா, நல்லா சாப்பிடுங்க" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இங்கேயும் சொல்லவில்லை.

ஜூலை 30

டூட்டியில் சேர்ந்தாயிற்று. ஆத்மநாதன் சார் "சௌக்கியமாம்மா" என்று காலண்டரிடம் கேட்டார். நானும் காலண்டரைப் பார்த்தே "சௌக்கியம் சார்" என்றேன்.

தெருவில் இறங்கினால் தெருவுக்கு ஒரு நோய். கடைவீதியில் எனக்கு இருதயம். பள்ளிவாசல் தெருவில் ரம்லத் பீவி அம்மா, கர்ப்பப்பை எடுத்தவளுக்கு நல்லதென்று உளுந்தங்களி கிண்டி உட்காரவைத்துக் கொடுத்தார். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். களி பிரமாதம். ஆனால் இல்லாத நோய்க்கு எத்தனை வீட்டில் பரிதாபத்தை வாங்குவது? உள்ளதை எப்போது சொல்லப்போகிறேன்?

உடம்பு மட்டும் ஜோர். நாள் முழுக்க நடந்தும் கழுத்து இருக்கிற நினைப்பே வரவில்லை.

ஆகஸ்ட் 1

மேலத் தெரு. முத்துமாரியம்மாள் அக்கா வீடு. மல்லிகை பறித்து மார்க்கெட்டுக்குப் போடுகிறவர். எப்போது போனாலும் ஒரு சொம்பு மோர் தருவார், அதற்கு மேல் பழக்கமில்லை. இன்றைக்கு என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா தாயி! போன வெள்ளிக்கெழம நார்த்தாமலைக் கோயிலுக்குப் போயி ஒனக்காக வேண்டிக்கிட்டு உருவத் தகடு வாங்கிப் போட்டேன். கண்ணு வலின்னா கண்ணு வாங்கலாம், காலுன்னா காலு வாங்கலாம். ஒனக்கு ஆளுக்கொரு எடமாச் சொல்றாக. எதை வாங்க? கடைக்காரன் வேற அவசரப்படுத்துறான். எதுக்கு வம்புன்னு முழு ஆளா வாங்கி மாரியாத்தா காலடியில போட்டுட்டேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. இவர் யார், நான் யார்? கரண்டு ரீடிங் எடுக்கிறவளுக்காக நார்த்தாமலைவரை பஸ் ஏறிப் போன மனுஷியிடம் எப்படிப் பொய்யோடு நிற்பது?

"அக்கா, எனக்கு நோயே இல்ல. மாருதான் பெருசா இருந்து பாரம் தாங்கல. தோளு, கழுத்து, முதுகு எல்லாம் வலி. ஆபரேஷன் பண்ணிக் கொறைச்சுக்கிட்டேன். என் காசுலதான் செஞ்சேன்."

சொல்லிவிட்டேன். சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "வலி போயிருச்சா?"

"போயிருச்சுக்கா."

"அம்புட்டுத்தான வேணும்!" என்றவர், நான் தடுப்பதற்குள் பக்கத்து வீட்டு மதில் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினார்: "ஏ இருளாயி! கேன்சரும் இல்ல கத்தரிக்காயும் இல்லடி! மாரு பாரத்தக் கொறைச்சுக்கிட்டு நல்லபடியா வந்திருக்கு புள்ள!"

எனக்கு உயிரே இல்லை. எதிர்வீட்டில் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு இருளாயியின் குரல் வந்தது.

"எந்த ஊரு ஆசுபத்திரியாம், கேளு!"

முத்துமாரியம்மாள் அக்கா என்னிடம் திரும்பினார். அவர் கேட்பதற்குள் நானே மதில் பக்கம் போய், எட்டிப் பார்த்து, சத்தமாகச் சொன்னேன்.

"திருச்சிக்கா! வாங்க, நானே கூட்டிட்டுப் போறேன்!"