உன் கைரேகை மிஷினைக் கழற்றிவிட்டோம்

நான் அன்றைக்கே சொன்னேன். இப்படித்தான் ஆகும் என்று முன்கூட்டியே சொன்ன ஆள் கோயம்புத்தூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தன்தான். இன்று காலை உன் மகள் ஃபவுண்டரி வாசலில் இருந்த கைரேகை மிஷினைக் கழற்றி, திருகாணிகளோடு என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். அதன் கண்ணாடியில் இன்னமும் தேங்காயெண்ணெய் வாடை. அது மூக்கில் ஏறியதும் உன்மேல் இருந்த கோபமெல்லாம் திரும்பி வந்துவிட்டது. போய்ச் சேர்ந்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ எங்கே திட்டவிட்டாய்?

பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்ற நாம் இருவரும் சேர்ந்து தொடங்கிய ஃபவுண்டரி. போட்ட முதல் உன்னுடையது, மூளை என்னுடையது. இதை நீ ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அந்த நாளில், மணலில் அச்சுக் கட்டி இரும்பு ஊற்றும் நம் மோல்டர்கள் எப்படி இருந்தார்கள் என்று நினைத்துப் பார். கரண்டு போய் இரும்பு உருகத் தாமதமானால், யாரும் சொல்லாமலே நின்று கடைசி அச்சுவரை ஊற்றிவிட்டுத்தான் கை கழுவுவார்கள். நாமும் எவன் எத்தனை மணிக்கு வந்தான் என்று கேட்டதில்லை. எங்கும் எழுதி வைக்காத ஏற்பாடு அது.

உனக்கு அது பொறுக்கவில்லை. "நம்பி நம்பித்தான் நாசமாப் போறோம்" என்று, வருகையைப் பதிய இந்த மிஷினை வாங்கி வந்தாய். மோல்டர்கள் மட்டும் கட்டைவிரல் வைக்கவேண்டும், ஏசி ரூம்காரர்களுக்கு வேண்டாம். காலமெல்லாம் மணலில் தேய்ந்த விரலில் ரேகை ஏது? மிஷினுக்குள் இருந்த பெண்குரல் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது. தலையெண்ணெயைத் தொட்டு விரலில் தடவிக்கொண்டு அவர்கள் மறுபடி மறுபடி அழுத்தினார்கள். நீ மாடியில் நின்று சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்புறம் அந்த நாள். கரண்டு போய் வந்து, உலை பழுத்து நிற்கும்போது வேலை முடியும் சங்கு ஊதியது. அத்தனை பேரும் போய் மிஷின் முன்னால் வரிசை கட்டினார்கள். நீ மாடியிலிருந்து ஓடி வந்தாய். வரிசையில் முதல் ஆள் ரங்கன், நம் மூத்த மோல்டர்.

"ஏனப்பா ரங்கா, உலைய உட்டுப்போட்டு எங்க போறே?"

"காத்தால இந்த மிஷினு, நான் ஆளே வல்லீன்னு சொல்லிப்போட்டுதுங்க. வராத ஆளு எப்படீங்க இரும்பு ஊத்தறது?"

பின்னாலிருந்து ஒருத்தன், "மிஷினுக்குள்ள பேசற அம்மணியவே இரும்பு ஊத்தற லேடிலப் புடிக்கச் சொல்லுங்க" என்றான். வரிசையே சிரித்தது.

உலையை அணைத்தாய். இரும்பு உள்ளேயே உறைந்துபோனது. மறுநாள் அதை உடைத்தெடுத்த சத்தம் மருதமலைக்கே கேட்டது என்று நான் சொல்வதுண்டு. பேரூர் வரைக்குமாவது நிச்சயம் கேட்டது. அப்போதும் நீ மிஷினைக் கழற்றவில்லை. கூடவே கேமராவும் மாட்டினாய். கழற்றச் சொன்ன என்னிடம், "பத்தாவது தாண்டாதவன் எனக்குக் கம்பெனி நடத்தச் சொல்லித் தர்றியா?" என்று ஆபீஸ் ஆட்கள் முன்னால் கேட்டாய். நல்ல மோல்டர்கள் ஒவ்வொருத்தராக வேறு ஃபவுண்டரிகளுக்குப் போனார்கள்.

நீ போன பிறகு, ஆயுத பூஜையோடு தானும் நின்றுகொள்வதாக ரங்கன் சொல்லிவிட்டான். அவன் போனால் மிச்சமிருப்பவர்களும் போவார்கள், உலையை மூடவேண்டியதுதான். உன் மகள் என்னிடம் வந்தாள்.

"இதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதுங்க மாமா. நடத்தைப் பொருளாதாரம்னு பேரு. மனுசன் கூலிய மட்டும் பார்த்து வேலை செய்யறதில்லீங்க. நம்பினா, கேக்காததையும் செஞ்சு தருவான். சந்தேகப்பட்டா, சொன்னதோட நிறுத்திக்குவான்."

"வெள்ளைக்காரன் கண்டுபுடிக்கறதுக்கு முன்னாலயே நான் உங்கப்பங்கிட்ட இதைச் சொன்னேன், கண்ணு."

"தெரியுங்க மாமா. படிப்பு கழட்டச் சொல்லுது. அப்பா மாட்டுனதாச்சேன்னு கை வரமாட்டேங்குதுங்க."

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் உன் கடைசி நாளில் நடந்ததாக ஒரு கதையைச் சொன்னேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னதுதாண்டா சரி, அதைக் கழட்டிரு" என்றாய் என்று. அவள் வெகுநேரம் அழுதாள். இன்று கழற்றிவிட்டாள். ரங்கன் வாசலில் நின்று வெறும் சுவரைப் பார்த்தான். "சரி, இருந்து பாக்கறனுங்க" என்றான்.

என் கையைப் பிடித்தாய், அது நிஜம். ஆனால் மிஷினைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். "கேமரா ஓடுதாடா?" என்றுதான் கேட்டாய். மீதியெல்லாம் நான் ஊற்றிய வார்ப்பு. இப்போது ஃபவுண்டரி முழுக்க நீ கடைசியில் மனம் திருந்திய நல்ல முதலாளி. நிஜமான நீ என்னிடம் மட்டும்தான் மிச்சமிருக்கிறாய், இந்தக் கோபத்தோடு.