சுடலை மாமாவின் கால்கள்

மட்டாஞ்சேரி,
26-11-1995.

அன்பு மகள் அம்பிளிக்கு அப்பா காளிமுத்து எழுதுவது. இங்கே நான் கை கால் ஓடி, கஞ்சி இறங்கி, மூச்சோடு இருக்கிறேன். நீயும் சூரத்தில் காய்ச்சல் தலைவலி இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு டூட்டிக்குப் போய் வருகிறாய் என்று நம்புகிறேன். உன் அம்மாவும் சுகம் என்று சேர்த்து எழுதுவது வழக்கம், இந்த முறை அதை நான் எழுத முடியாது. அவள் பள்ளுருத்தியில் உன் மாயம்மாள் அத்தை வீட்டில் இருக்கிறாள். தன் தம்பி சுடலை செத்த அன்று அங்கே போனவள், பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் திரும்பவில்லை. நடுவில் ஒருநாள் மாற்றுச்சேலை எடுக்க வந்தாள். நான் அடுப்பில் கஞ்சி வைத்திருந்ததைப் பார்த்தாள், உப்புப் போட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை, அதுக்குத் தொட்டுக்க உங்க கொள்கையை வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

உன் கடிதம் வந்தது. நீ தமிழை எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறாய், முன்பைவிடத் தப்பு குறைவு, ஆனால் அதில் சந்தோஷப்படும்படி விஷயம் இல்லை. சுடலை மகன் சிஜு உனக்கு மலையாளத்தில் கடிதம் போட்டானாம், என் அச்சன் பிணமாய்க் கிடக்கையில் உன் அப்பா ஊர்முன்னால் மானத்தை வாங்கிவிட்டார், அவர் யூனியன் ஆபீஸில் வந்து மாப்பு சொல்லாமல், மன்னிப்புக் கேட்காமல் நம் கல்யாணம் இல்லை என்று எழுதினானாம். அது நிஜமா அப்பா, என்ன செய்தீர்கள் என்று கேட்டிருக்கிறாய். செய்தது நிஜம். மானத்தை வாங்கினேன் என்பது நிஜம் இல்லை. உனக்குத் தந்தி மட்டும் அடித்தோம், நீ ரயில் பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் வராதே என்றும் அதிலேயே சொல்லிவிட்டேன். அதனால் நீ அவன் சொன்னதை மட்டும் கேட்டிருக்கிறாய். இப்போது நான் சொல்வதையும் கேள்.

சுடலை மச்சான் கார்ப்பரேஷனில் ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் இருந்திருக்கலாம். இருக்கமாட்டேன் என்றான். பஜாரில் மிளகு, அரிசிக் கிட்டங்கிகளின் பின்பக்கம் ஓடும் சாக்கடையை அள்ள ஒரு கண்ட்ராக்டர் ஆள் எடுத்தான், அதில் சேர்ந்தான். அங்கே என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியும், சிறுபிள்ளையில் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாய். அரிசிமூட்டை இருக்கிற இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கிற தண்ணீரில் இவன் முட்டிவரை நிற்பான், வெறும் காலோடு. குதிகாலில் ஒரு பித்தவெடிப்பு, அது ஆறவே இல்லை. ஆடி மழையில் அவனும் கூட வேலை செய்கிறவர்களும் யூனியனில் போய் ரப்பர் பூட்ஸ் கேட்டார்கள். நானும் கூடப் போனேன். அங்கே செக்ரட்டரி சாயா வாங்கிக் கொடுத்தார், கேட்டது நியாயம்தான் அண்ணாச்சி, எலக்‌ஷன் ஒண்ணு கழியட்டே என்றார். அந்தக் கண்ட்ராக்டர்தான் வார்டில் அவர்கள் கட்சிக்குப் பந்தலும் மைக்கும் ஜீப்பும் போட்டுக் கொடுத்தவன். எலக்‌ஷன் கழிந்தது. ஜெயித்தவர்கள் மாலையோடு ஊர்வலம் போனார்கள். சுடலை மச்சானும் அதில் கொடி பிடித்துக்கொண்டு போனான், ஊர்வலத்தில் முன்வரிசையில் நடந்தான், அவனுடைய அந்தக் காலோடு. பூட்ஸைப் பற்றி யாரும் பேசவில்லை.

நான் யூனியனுக்கு விரோதி என்று இப்போது பள்ளுருத்தியில் பேசுகிறார்களாம். கேட்டால் சிரிப்பு வருகிறது. பீவண்டி தள்ளிய எங்களை மனிதன் என்று ஆபீசர்மார் பேர் சொல்லிக் கூப்பிட வைத்தது யூனியன், அதை நான் சாகும்வரை மறுக்கமாட்டேன். அந்தக் கொடிக்காக நான் அடியும் வாங்கியிருக்கிறேன். அதனால்தான் கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது. இப்போது வருகிற பையன்களுக்குக் கட்சியும் ஒன்றுதான், நடிகனின் ஃபேன்ஸ் சங்கமும் ஒன்றுதான். இரண்டிலும் போர்டு, இரண்டிலும் செக்ரட்டரி, இரண்டிலும் பாலபிஷேகம்.

சினிமாவைப் பற்றி நான் பேசினால் சிஜுவுக்குப் பிடிக்காது. நான் சினிமாவுக்கும் விரோதி இல்லை. பள்ளிக்கூடம் பார்க்காத நான் எழுத்துப் படித்ததே சினிமா நோட்டீஸில்தான், தெருவைக் கூட்டும்போது பொறுக்கிய நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி கூட்டிக்கூட்டிப் படித்தேன். சுடலை மச்சானும் நானும் தரை டிக்கெட்டில் பார்க்காத படம் கிடையாது. அவன் அழுதுவிடுவான், நான் அழமாட்டேன், அதற்கு அவன் என்னைக் கல்லுச்சாமி என்பான். ஆனால் இந்த வருடம் ஓணத்துக்குச் சிஜு டிக்கெட் எடுத்து எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனான், அவன் ஃபேன்ஸ் சங்கத்து நடிகர் படம். அதில் குப்பை அள்ளுகிற ஒரு தமிழன் வருகிறான். வாயில் வெற்றிலை, பட்டை போட்ட டவுசர், உளறல் தமிழ். வருகிறவன் போகிறவன் எல்லாம் அவன் மண்டையில் தட்டுகிறான், பாண்டி என்று இளக்காரமாகக் கூப்பிடுகிறான், கொட்டகை முழுக்கச் சிரிப்பு. திரும்பிப் பார்த்தேன், சிஜுவும் சிரிக்கிறான். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். சுடலை மச்சான் வரவில்லை. அப்புறம் கேட்டதற்கு, சினிமாதானே மச்சான், நீங்க ஒரு ஆளு, எதையும் உள்ள எடுத்துக்கிறீங்க என்றான். எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளாதவன் கடைசியில் சாக்கடைத் தண்ணீரை உள்ளே எடுத்துக்கொண்டான்.

ஐப்பசி பிறந்து இடிமழை தொடங்கியதும் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தான். கண் மஞ்சளாகிவிட்டது, தொடையைத் தொட்டால் கத்தினான். எலிப்பனி, எலியால் வருகிற காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது சிறுநீர் நின்றுவிட்டிருந்தது. நீ நர்ஸ், இதற்குமேல் உனக்கு நான் எழுதத் தேவையில்லை. காய்ச்சல் தொடங்கியபோது சிஜு ஆலுவாவில் இருந்தான், ஆற்றங்கரையில் ஷூட்டிங் நடக்கிறது, நடிகர் வந்திருக்கிறார் என்று சங்கத்துப் பையன்களோடு போனவன் திரும்பி வரும்போது அப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தான். இதை நான் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. உனக்குத்தான் எழுதுகிறேன். போன வருடம் சூரத்தில் எலியால் பிளேக் என்று ரேடியோவில் சொன்னபோது உடனே புறப்பட்டு வா என்று உனக்குத் தந்தி அடித்தேன், நோயாளியை விட்டுவிட்டு நர்ஸ் ஓடக்கூடாது என்று பதில் அடித்தாய். அந்தத் தந்தியை உன் மாமா சாயாக்கடையில் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தான். உனக்கு ஒன்றும் வரவில்லை. எலி அவனுக்கு வந்தது.

இனி அன்று நடந்தது. வீட்டு முற்றத்தில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள், மேலே பிளாஸ்டிக் ஷீட், மழை. தங்கை புருஷனோ அக்கா புருஷனோ மச்சான் முறைக்காரன்தான் கோடி வேட்டி போர்த்த வேண்டும், அது நம் வழக்கம், அதற்காக நானும் உன் அம்மாவும் புது வேட்டியோடு போனோம். போனால் நெஞ்சிலிருந்து பாதம்வரை யூனியன் கொடி போர்த்தியிருக்கிறது. தலைமாட்டில் ஃபேன்ஸ் சங்கத்து மலர்வளையம், அதில் நடிகர் பேர் பெரிதாகவும் சுடலை பேர் சிறிதாகவும் இருந்தது. பூட்ஸை எலக்‌ஷனுக்குப் பிறகு பார்க்கலாம் என்றவர் பக்கத்தில் கைகட்டி நிற்கிறார். கொடியை எடுங்க, வேட்டி போர்த்தணும் என்றேன். கொடி எடுக்கான் பாடில்லா அண்ணாச்சி, அதின்றெ மேலே இட்டால் மதி என்றார், கொடிக்கு மேலேயே போட்டால் போதுமாம். நானே கொடியை எடுத்தேன், மண்ணில் படாமல் மடித்தேன், அவர் கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் எல்லோருக்கும் கால் தெரிந்தது. முட்டிக்குக் கீழே மஞ்சளும் கறுப்புமாக வீங்கி, குதிகால் வெடிப்பு வாயைத் திறந்துகொண்டு, விரல் இடுக்கெல்லாம் வெந்து. மாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள், அண்ணே மூடுங்கண்ணே, அந்தக் காலை ஜனங்க பார்க்கவேண்டாம்னு நான்தாண்ணே கொடியை இறக்கிப் போர்த்தச் சொன்னேன் என்றாள். எனக்கு அது தெரியாது. கையில் வேட்டி இருந்தது. உடனே மூடியிருக்கலாம். நான் மூடவில்லை. அந்தச் செக்ரட்டரி தலையைக் குனிந்து அந்தக் காலைப் பார்க்கும்வரை நான் வேட்டியை விரிக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியில் காலைப் பார்த்தார். பிறகுதான் போர்த்தினேன். சிஜு என் சட்டையைப் பிடித்தான், சாயாக்கடைக் கமாலுதீன்தான் வந்து விலக்கிவிட்டார். உன் அம்மா அன்று என் முகத்தைப் பார்க்காமல் திரும்பியவள் இன்னும் பார்க்கவில்லை.

இதுதான் நான் செய்தது. மாயம்மாள் சொல்லியிருந்தால் கொடியை எடுக்காமல் இருந்திருப்பீர்களா என்று நீ கேட்கலாம். எடுத்திருப்பேன். அவனைக் கொன்றது அந்தக் கால், அதை மூடிவைத்துவிட்டு மலர்வளையம் வைப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

பிறகு அனுசோசனம், இரங்கல் கூட்டம் என்று ஜங்ஷனில் மைக் கட்டினார்கள். நான் போய்ப் பின்னால் நின்றேன். ஒருத்தன் தியாகி என்றான், ஒருத்தன் கலாரசிகன் என்றான், சாக்கடை என்ற வார்த்தையை ஒருத்தனும் சொல்லவில்லை. பூட்ஸ் எப்போது வரும் என்று நின்ற இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டேன். மைக் செட்காரனுக்கு யாரோ கண்ணைக் காட்டினார்கள், சினிமாப் பாட்டைப் போட்டுவிட்டான். கமாலுதீன் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து சாயா கொடுத்து, ஓய், உம்ம மண்டைக்குள்ள ஒரு ஆணி இருக்கு, அதைப் பிடுங்க ஹைகோர்ட்டு ஆர்டர் வேணும் என்றார். அவர் ஒருத்தர்தான் இப்போது என்னோடு பேசுகிறார். மற்றவர்கள் நான் கடைக்குள் நுழைந்தால் டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்கிறார்கள்.

இதுவரை எழுதியது உன் கேள்விக்குப் பதில். இனி எழுதுவதுதான் விஷயம். செக்ரட்டரி சிபாரிசில் கண்ட்ராக்டர் சுடலையின் இடத்தைச் சிஜுவுக்குக் கொடுத்திருக்கிறான். ஃபேன்ஸ் சங்கத்துக்காரன் போன வாரத்திலிருந்து அந்தச் சாக்கடையில் இறங்குகிறான், அதே இடம், அதே வெறும் கால். நான் பஜாருக்குப் போகிறதுபோலப் போய்த் தூரத்தில் நின்று பார்த்தேன். வலது பாதத்தில் துணி சுற்றியிருக்கிறான், ஏதோ கண்ணாடி கீறியிருக்க வேண்டும். மறுநாள் போட் ஏறி எர்ணாகுளம் போய் முட்டிவரை வருகிற ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக் கமாலுதீனிடம் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. என் அச்சனுக்கு இல்லாத பூட்ஸ் எனக்கும் வேண்டா, மாமா முதலில் ஆபீஸில் போய் மாப்பு சொல்லட்டும், அப்புறம் போடுகிறேன் என்றானாம். கூட நின்றவர்கள், அதையிட்டால் நீ ஸ்டாராகும்டா என்று கேலி செய்தார்களாம். உன் அம்மாவும் ஆள் அனுப்பினாள், ஒரு வார்த்தை, வாய் முத்தா உதிர்ந்துவிடும் என்று. நான் மாட்டேன் அம்பிளி. நான் மாப்பு சொன்னால் மச்சான் செத்தது சும்மா செத்தது என்று ஆகிவிடும். இதில் நீ அழுதாலும் நான் மாறமாட்டேன், எழுதிப் பார்க்காதே.

கல்யாணத்தை வருடம் திரும்பட்டும் என்று ஏற்கெனவே தள்ளியாகிவிட்டது. அது நடக்குமா நடக்காதா என்பது நீயும் அவனும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை, வா என்று சொல்லி வாசலில் நிற்கவும் மாட்டேன். ஆனால் வருடம் திரும்பும்போது அவன் இருக்க வேண்டும். அதனால் நீ இதைச் செய். நான் மலையாளத்தில் எழுதமாட்டேன், எழுதத் தெரியவும் தெரியாது, நான் தமிழில் எழுதினால் அவனுக்குப் படிக்கத் தெரியாது. நீ எழுது. இன்றே எழுது. வேலைக்கு இறங்குகிறவர்கள் வாரம் ஒரு மாத்திரை போட்டால் இந்த நோய் தடுக்கும் என்று நீ ஒருமுறை சொன்னாய், அதன் பேரை எழுது. காயத்தோடு தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும் என்று நீ ஆஸ்பத்திரியில் பார்த்ததை எழுது, பயப்படும்படி எழுது. பூட்ஸ் என் கட்டிலடியில் இருக்கிறது, கமாலுதீன் கடையில் வைத்துவிடுகிறேன், நீ பணம் அனுப்பி வாங்கச் சொன்னதாக எழுது. என் பேரை எடுக்காதே, ரப்பர் பூட்ஸ் எல்லாம் ஒரே மாதிரிதான், இது வேறு ஜோடி என்று நினைத்துக்கொள்வான். நான் வாங்கினது என்று தெரிந்தால் அவன் காலில் ஏறாது.

உனக்குச் சொல்ல வேண்டியது, நேரத்துக்குச் சாப்பிடு, ஆஸ்பத்திரிச் செருப்போடு அறைக்குள் வராதே, கூட இருக்கிற பெண்கள் கூப்பிட்டார்கள் என்று எந்தக் கட்சி ஊர்வலத்துக்கும் போகாதே. உன் அம்மாவுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு, அத்தை வீட்டு விலாசத்துக்கு, அவள் யாரையாவது வைத்துப் படித்துக்கொள்வாள். மாரியம்மன் உன்னையும், அந்த முரடனையும், மழை நிற்கும்வரையாவது கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
யாரிடமும் மாப்பு கேட்காத உன் அப்பா,
சு. காளிமுத்து.

மறந்துவிடாதே: பூட்ஸ் அளவு சரியாக இருக்குமா என்று கேட்பான். இருக்கும் என்று எழுது. அப்பனும் மகனும் ஒரே செருப்பை மாற்றி மாற்றிப் போட்டு நடந்தவர்கள். அப்பன் காலை நான் அன்று நன்றாகப் பார்த்தேன், அந்த அளவுக்குத்தான் வாங்கியிருக்கிறேன்.