சுவரோர நாற்காலி

நெய்வேலி,
3.3.2025

அன்புள்ள டாக்டர் உமாராணி அவர்களுக்கு,

மூட்டுவலி தவிர நலம். நம் பொறியாளர் சங்கக் கிளையின் மருத்துவ மின்னணுவியல் பிரிவை மூடப் போகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் வருவதில்லையாம். கடைசிக் கூட்டத்தில் வாசிக்க அதன் வரலாற்றை எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வரைவை இணைத்திருக்கிறேன். பிரிவு எப்படித் தொடங்கியது என்று இரண்டு வரி எழுதித் தாருங்கள். எனக்கு எழுதி எழுதி அலுத்துவிட்டது.

அன்புடன்,
கருணாகரன்

திருநெல்வேலி,
19.3.2025

கருணாகரன் சாருக்கு,

வரைவைப் படித்தேன். தலைவர்கள், செயலாளர்கள், பொன்னாடை போர்த்தியவர்கள்கூட இருக்கிறார்கள். நான் இல்லை.

ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் நெய்வேலியில், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஈசிஜி கோடு நடுங்குகிறதே என்று உங்களைக் கூப்பிட்டது நான்தான். "பொட்டி சும்மா கத்திக்கினே கெடக்குதுங்க டாக்டரம்மா, யாரையாச்சும் கூப்புடுங்க" என்று வார்டு கலியம்மாள் புலம்பியதும் மறந்துவிட்டதா? நீங்கள் வந்து மண்ணுக்குள் போகும் எர்த்திங் கம்பியைச் சரிசெய்தீர்கள், கோடு நடுக்கம் நின்றது. பிரிவு பிறந்ததே அதிலிருந்துதான். ஆனால் கூட்டங்களில் மேசையைச் சுற்றி என்ஜினியர்கள் மட்டும்தான். டாக்டர் என்றால் விருந்தினர், சுவரோரம் நாற்காலி. இருபது வருடம் அங்கேயே உட்கார்ந்து டீ குடித்தேன். கோபம் வற்றிவிட்டது சார், களைப்புதான் மிச்சம். உங்கள் கையால் இப்படி வரும் என்று மட்டும் நினைக்கவில்லை. இனி எழுத வேண்டாம்.

உமாராணி

நெய்வேலி,
28.4.2025

அன்புள்ள டாக்டர்,

வேண்டாம் என்ற பிறகும் எழுதுகிறேன். உங்கள் பெயரை முதல் வரியிலேயே சேர்த்தேன். செயலாளர் சிவக்குமார் அதை அடித்துவிட்டார். "சார், கெஸ்ட் பேரு வரலாத்துல வராதுங்க, ரூல் அப்படி" என்றார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

நேற்று கடைசிக் கூட்டம். மேசையில் எனக்கு நடு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் போய் உங்கள் இடத்தில் உட்கார்ந்தேன். வாசிக்கக் கூப்பிட்டார்கள். "நான் இன்னைக்கு விருந்தாளி. விருந்தாளி வாசிக்க ரூல் இல்லையே" என்றேன். வரலாறு வாசிக்கப்படாமலே கூட்டம் முடிந்தது.

அங்கே ஃபேன் காற்று வராது என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியவே தெரியாது டாக்டர். வெட்கமாக இருந்தது.

கருணாகரன்

திருநெல்வேலி,
9.5.2025

அன்புள்ள கருணாகரன் சார்,

காற்று வராதுதான். அதனால்தான் மார்கழிக் கூட்டங்களுக்கு மட்டும் சந்தோஷமாக வருவேன்.

மூட்டுவலிக்கு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் கேட்ட இரண்டு வரியை மேலே எழுதியிருக்கிறேன். நீளமாகிவிட்டது. யாரும் வாசிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

அன்புடன்,
உமாராணி