பெரியம்மா வீட்டுக் கலங்கல் தண்ணீர்

அன்புள்ள குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, நீயும் அங்கே அப்படியே இருந்தால் அதுவே போதும் எனக்கு. சளி விட்டதா, காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் மாடிப்படி ஏறச் சொன்னால் மட்டும்தான். கேரம் போர்டு முன்னால் சம்மணம் போடும்போது அந்த வலி எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று தெரியவில்லை. வாசல் விளக்கு ஃப்யூஸ் போய் ஒரு வாரமாகிறது, நாளைக்கு மாத்திடறேன் என்று தினமும் சொல்கிறார்.

புதிதாகத் தொட்டி வாங்கி இரண்டு தங்கமீன் விட்டதாகவும், தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிவிட்டதாகவும், ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் கொட்டித் தேய்த்துக் கழுவினால் வாரம் பாதி போவதற்குள் மறுபடியும் கலங்குவதாகவும், பார்த்தால் அழுகையாக வருகிறது என்றும் எழுதியிருந்தாய். அழாதே. முதலில் தொட்டியிலிருந்து கையை எடு. இந்தச் சுத்தப் பைத்தியம் உனக்கு உன் அப்பா வீட்டு வழியில் வந்தது, என் பக்கத்தில் யாருக்கும் கிடையாது. நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறதே என்று நானும் ஒரு தொட்டி வாங்கினேன் அல்லவா, எனக்கும் இதே கதைதான் நடந்தது. கொட்டுவேன், தேய்ப்பேன், நிரப்புவேன், திரும்பவும் வெள்ளையாகிவிடும். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். உன் அப்பா குடித்த டம்ளரையே எடுத்து வைக்க மாட்டார், தொட்டியையா தொடப்போகிறார்? நான் எழுந்து வந்து பார்த்தபோது தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அதற்கப்புறம்தான் நூலகத்தில் போய்ப் படித்துப் பார்த்தேன். மீனின் கழிவைத் தின்று தண்ணீரை நல்லபடி வைக்கிற சின்னஞ்சிறு உயிர்கள் சில உண்டு. புதுத் தொட்டியில் அவை கிடையாது, மெதுவாக வந்துதான் கூழாங்கல்லிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற வேண்டும். அதுவரை தண்ணீர் கலங்கும், பிறகு தானே தெளியும். குடி வந்தவர்களை வாராவாரம் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினால் எந்தக் குடித்தனம் நிலைக்கும் சொல். அதனால் தீனியைக் குறை, இரண்டு விரலில் எடுக்கிற அளவு போதும். மீன் மந்தமாகத் தெரிந்தால் கால் பங்குத் தண்ணீரை மட்டும் மாற்று, அதுவும் முதல் நாளே வாளியில் பிடித்து வைத்த தண்ணீராக இருக்கட்டும். பஞ்சைக் குழாயடியில் காட்டவே காட்டாதே, குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரின் அந்த உயிர்களைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் உனக்குச் சொல்கிறேன். உன் பெரியம்மாவுக்குச் சொல்லவில்லை. அந்தச் செய்தியைத்தான் போனில் சொல்ல முடியாமல் இத்தனை நாள் வயிற்றுக்குள் வைத்திருந்தேன். போனில் சொன்னால் பக்கத்தில் உன் அப்பா இருப்பார், அவர் அண்ணி ஆயிற்றே.

நீ ஊருக்குப் புறப்பட்ட நாள் உனக்கு மறந்திருக்காது. ஹால் நிறைய ஆட்கள், மூடி வைத்திருந்த உன் பெட்டியைப் பெரியம்மா எல்லோர் எதிரிலும் திறந்தார். ஒவ்வொரு துணியாக எடுத்து மோந்து பார்த்து, என் பக்கம் திரும்பி, "என்ன டிகிரி, துவைக்கிறதுக்கு உன் காலேஜ்ல பாடம் இல்லையா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்து உட்கார்ந்து தைத்த போர்வையை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டுபோய், உனக்கு வண்டி வருகிற நேரத்தில், வாளியில் முக்கிவிட்டார். நீ போர்வையில்லாமல் அந்தக் குளிருக்குப் போனாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேச எனக்கு எப்போது வந்திருக்கிறது? எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்றுதான் பேர், நாலு பேர் நடுவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து ஜன்னல் விளிம்பை விரலால் துடைத்து என் முகத்துக்கு நேரே காட்டினார், அதையெல்லாம் பொறுத்தேன். என் பிள்ளையின் பெட்டியில் கை வைத்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. பொறுக்கவும் இல்லை.

பெரியப்பா புது ஃப்ளாட் வாங்கிக் குடி போனார்களே, அதற்கு நான் கொடுத்த பரிசு என்ன தெரியுமா, மீன் தொட்டி. கடையில் இருந்ததிலேயே பெரிய தொட்டி, உள்ளே விளக்கு, இரண்டு கொழுத்த தங்கமீன். உன் அப்பா வாயைப் பிளந்துவிட்டார், இவ்வளவு தாராளம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சோபாவுக்கு நேர் எதிரில், உள்ளே வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடத்தில், நானே நின்று வைக்கச் சொன்னேன். மீனுக்குத் தீங்கு வரக்கூடாதே என்று, சோப்பு போடாதீர்கள், பிடித்து வைத்த தண்ணீரையே ஊற்றுங்கள் என்பதையெல்லாம் சொல்லிவிட்டேன். சும்மா விட்டால் தானே தெளியும் என்ற ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். உலகத்தில் பெரியம்மாவால் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அது சும்மா விடுவதுதான், எனக்குத் தெரியாதா?

நினைத்தபடியே நடந்தது. மூன்றாம் நாளே கலங்கியது. கொட்டினார், கல்லை ஒவ்வொன்றாகப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்தார், பஞ்சைக் குழாயடியில் வெளுக்க வெளுக்கப் பிழிந்தார். முன்னைவிட மோசமாகக் கலங்கியது. நான் வாராவாரம் போய் சோபாவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவேன். "இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுப் பாருங்களேன் அக்கா" என்பேன். ஒருநாள் பக்கத்து ஃப்ளாட்டு டீச்சர் வந்து, "மீனுக்குக் காபி கலந்து வச்சிருக்கீங்களா, சர்க்கரை போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டார். பெரியம்மா முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். அன்றிலிருந்து யாராவது மணி அடித்தால் தொட்டி மேல் படுக்கை விரிப்பைப் போட்டு மூடுவார். துவைத்து இஸ்திரி போட்ட விரிப்புதான், அதில் குறை சொல்ல முடியாது. வீடு திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் நகர்ந்து உட்காருவார்கள்.

போன வாரம் போனபோதுதான் சிரிப்பு நின்றது. ஒரு மீன் தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அது எனக்கு என்ன கெடுதல் செய்தது? பெரியம்மாவும் பக்கத்தில் வந்து நின்றார், தலை கலைந்திருந்தது. "செத்துடும் போல இருக்குடி, நீதான் நாலு எழுத்து படிச்சவளாச்சே, ஏதாவது வழி சொல்லேன்" என்றார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அவர் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. தண்ணீர் கேட்டு வாங்கி, முழு டம்ளரையும் மெதுவாகக் குடித்து முடித்தேன். பிறகு, வழி இருக்கிறது அக்கா, ஆனால் உங்களுக்குப் பிடிக்காது என்றேன். எதுவானாலும் செய் என்றார்.

அந்த மீனுக்காகக் கால் பங்குத் தண்ணீரை மாற்றிவிட்டு ஓடிவந்தேன். நம் தொட்டி ஃபில்டரில் இரண்டு பஞ்சு இருக்கிறது அல்லவா, இத்தனை மாதமாகக் கழுவாத பழுப்புப் பஞ்சு, தொட்டால் வழவழவென்று இருக்கும். நல்ல உயிர்களெல்லாம் அதில்தான் குடியிருக்கின்றன. ஒன்றைத் தூக்குவாளியில் தண்ணீரோடு போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரம் பார்த்து டீச்சரும் வந்து உட்கார்ந்திருந்தார், நான் அழைக்கவில்லை, ஆனால் போகச் சொல்லவும் இல்லை. மூடியைத் திறந்ததும் பெரியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயய்யோ, இந்தக் கருமத்தையா உள்ள போடப் போற, அலசியாவது போடுடி!" என்று அலறினார். அலசினால் மீன் பிழைக்காது அக்கா, போடட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுக் கையில் பிடித்தபடி நின்றேன், சொட்டுச் சொட்டாக அவர் தரையில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு, போடு என்றார். டீச்சர் இருந்ததால் குனிந்து தரையைத் துடைக்கவும் முடியவில்லை.

நேற்று போய்ப் பார்த்தேன், தண்ணீர் பளிச்சென்று இருக்கிறது, மீன் இரண்டும் துள்ளுகின்றன. விரிப்பை மடித்து வைத்துவிட்டார். ஆனால் பெரியம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டு அழுக்கு அவர் ஹாலின் நடுவில், விளக்கு வெளிச்சத்தில் இருக்கிறது, அதை அவர் தொட முடியாது. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போன் செய்கிறார். "லேசா ஒரு அலசு அலசிக்கட்டுமா?" என்று என்னிடம் அனுமதி கேட்கிறார் குட்டி, என்னிடம்! வேண்டாம் அக்கா, மீன் போய்விடும் என்கிறேன். தொட்டியிலிருந்தே ஒரு கிண்ணம் தண்ணீர் எடுத்து அதில் பஞ்சை அவ்வப்போது மெதுவாக அலசலாம், ஒன்றும் ஆகாது. நீ அப்படிச் செய்துகொள். அவருக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்வேன், எப்போது என்பதை நான்தான் முடிவு செய்வேன்.

நீ எல்லா நலமும் பெற்று, தேர்வுகளை நல்லபடி எழுதி, தெளிந்த மனதோடு இருக்க அம்மாவின் ஆசி எப்போதும் உண்டு, அப்பாவும் சொல்லச் சொன்னார். அங்கே யாராவது பழைய தொட்டி வைத்திருந்தால் கூச்சப்படாமல் கொஞ்சம் அழுக்குப் பஞ்சு கேட்டு வாங்கிப் போடு. பெரியம்மா உன்னோடு பேசும்போது வாயை விட்டுவிடாதே, மீனைப் பற்றிக் கேட்டால் எல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா