பொன்னாடைக்கு அடியில் ஒரு அறிவிப்பு

ஞாயிறு, இரவு.

சீ என்றிருக்கிறது. எங்கள் சங்கத்து நூலகத்தின் இணையதளத்தை நான்தான் இலவசமாகப் பார்த்துக்கொள்கிறேன். புத்தகம் தேடும் வசதிக்குப் பணமில்லையாம். சங்கத் தலைவர் மாமாவைப் பொன்னாடையோடு படமெடுத்துப் போட மட்டும் இருந்தது. இன்று நூலகத்துக்கு விடுமுறை என்ற அறிவிப்பு அந்தப் படங்களுக்கு அடியில் கிடந்தது. செல்வி அக்கா, ஊருக்கு வெளியே ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் கிடைத்த லீவில், பரீட்சைக்குப் புத்தகம் எடுக்க, நூலகம் இருக்கும் தாபோடிவரை வந்து பூட்டைப் பார்த்தார்.

"பரீட்சைக்கு முன்னாடி இனி லீவே இல்லடா தம்பி. போன்ல சால்வைதான் தெரிஞ்சுது."

மாமாவிடம் சொன்னேன்.

"கீழ தள்ளிப் பாத்திருக்கணும்."

"உங்களையா மாமா?"

அவர் சிரிக்கவில்லை.

எல்லாப் படத்தையும் தூக்கிவிட்டேன். இப்போது முதல் வரியே நூலகம் திறக்கும் நாள்தான். காலையில் படம் எங்கே என்று மாமா கூப்பிடுவார். நூலகத்தைத் திறந்து அக்காவுக்கு வேண்டிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தால் ஒரு படம் திரும்பி வரும் என்பேன். சின்னதாக, கடைசியில்.