குலஸ்திரீகள் யாரும் கேட்கவில்லை

1953 ஜூலை 13, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. ஸ்கூலுக்குப் பாதி நனைந்தபடி. மூன்றாம் பாரம் காம்போசிஷன் திருத்த பாக்கி. நல்லெண்ணெய் தீர்ந்துபோச்சு.

மணி அண்ணா சட்ட இலாகா ஆபீஸிலிருந்து செய்தியோடு வந்தான். டில்லியில் ஹிந்து விவாகச் சட்டம் வரப்போகிறதாம். விவாகரத்து உண்டு, ஒருத்தனுக்கு ஒரு பெண்டாட்டிதான். ஜனங்கள் அபிப்பிராயம் கேட்க இங்கே ஒரு கமிட்டி. சனிக்கிழமை விசாரணை. எங்கள் ஸ்ரீவராகம் தெரு பிராமண சபை சார்பில் சாட்சி சொல்லப்போவது அப்பா!

சொல்லிவிட்டு அண்ணா என் முகத்தைப் பார்க்கவில்லை. குடையை மூன்று தரம் உதறினான்.

அப்பாவுக்கு ஒரே உற்சாகம். பென்ஷன் வாங்கிய சமஸ்கிருத முன்ஷி வாத்தியாருக்கு இத்தனை நாள் கழித்து ஒரு சபை, ஒரு மேடை. சாப்பிடும்போதே "விவாகம் சம்ஸ்காரம். ஒப்பந்தம் இல்லே" என்று ரசத்துக்கு உபதேசம். ரசம் பரிமாறியது நான்.

ஜூலை 14

ஸ்டாஃப் ரூமில் சரோஜினி டீச்சரிடம் சொன்னேன். அவள் நாயர்; அவர்களுக்கு விவாகரத்துச் சட்டம் முன்பே உண்டு. முதல் புருஷன் குடிகாரன், கோர்ட்டில் எழுதிக்கொடுத்துத் தீர்த்துவிட்டாள். இப்போது இரண்டாவது கல்யாணம், ஒரு பெண் குழந்தை. வானம் இடிந்து விழவில்லை.

"எந்தா விசாலம், ஒரே ஊரு, ஒரே கோவில். எனிக்கு நியமம் உண்டு, நினக்கு இல்லே?"

நியமம் என்றால் அவள் பாஷையில் சட்டம். எனக்கு என்ன சட்டம்? கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் ஆம்படையானுக்குக் கல்கத்தாவில் வேலை. வீடு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றார். வீடும் பார்த்தார், வேறு பெண்ணும் பார்த்தார். சாஸ்திரப்படி இரண்டும் செல்லும். ஆரல்வாய்மொழி செக்போஸ்ட் தாண்டினால் மதராஸ் ராஜ்யத்தில் விவாகரத்து சட்டமே இருக்கிறதாம். தர்மம் செக்போஸ்டில் இறங்கி வேறு பஸ் ஏறும் போலிருக்கிறது.

தலைவலி. காபிப் பொடியும் தீர்ந்தது.

ஜூலை 16

அப்பா தன் சாட்சியத்தை எழுதி முடித்து, நகல் எடுக்க என்னிடமே கொடுத்தார். வீட்டில் என் கையெழுத்துதான் அழகாம்.

ஐந்து பக்கம். மூன்றாம் பக்கத்தில்: "எங்கள் குலஸ்திரீகள் யாரும் இதைக் கேட்கவில்லை."

"யாரையாவது கேட்டேளா அப்பா?"

"எதை?"

"அவாளுக்கு வேணுமா வேண்டாமான்னு."

"இதெல்லாம் கேக்கற விஷயமா? எழுது. 'ஸ்திரீகள்'ல எழுத்துப் பிழை வராம பாத்துக்கோ."

பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அம்மா அடுப்படியில் பாத்திரத்தை நங் நங்கென்று வைத்தாள். யார் மேல் கோபம் என்று சொல்லமாட்டாள்.

ஜூலை 18, சனி

போனேன். சரோஜினி டீச்சர் துணைக்கு. ஹால் முழுக்க ஈரக் குடை வாடை. தலைவர் ஒரு ரிடையர்ட் ஜட்ஜ்.

அப்பா நன்றாகத்தான் வாசித்தார். கமிட்டியில் ஒரு கிறிஸ்தவ அங்கத்தினர் எழுந்து, தங்கள் திருச்சபையிலும் தெய்வம் சேர்த்ததை மனுஷன் பிரிக்கக்கூடாது என்றார். இரண்டு பேரும் கை குலுக்கினார்கள்! மற்ற எல்லா விஷயத்திலும் சண்டை. பெண்டுகளைக் கட்டிப்போடுவதில் என்ன ஒற்றுமை.

"சபையில் ஸ்திரீகள் யாராவது பேசணுமா?" என்று ஜட்ஜ் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். எழுந்து நின்றேன். 

சொன்னது: "ஆம்படையான் கல்கத்தால இன்னொருத்தியோட, ரெண்டு குழந்தைகளோட சௌக்கியமா இருக்கார். வருஷா வருஷம் காரடையான் நோன்பன்னிக்கு அவர் தீர்க்காயுசா இருக்கணும்னு நான் மஞ்சச் சரடு கட்டிக்கறேன். அவளும் கட்டிக்கறாளாம். ரெண்டு பேர் வேண்டிண்டு அவர் ஆயுசு கெட்டியா இருக்கு. நான் மறுபடி கல்யாணத்துக்குக் கேக்கலே. அவர் பெண்டாட்டியா இருக்கறதுலேர்ந்து விடுதலை கேக்கறேன்."

"எந்தச் சங்கத்தின் சார்பில்?" என்றார் ஜட்ஜ்.

"சங்கம் ஒண்ணும் இல்லே."

"பெயர்? தகப்பனார்?"

பெயரைச் சொல்லி, தகப்பனாருக்குக் கையைக் காட்டினேன். அப்பா முன் வரிசையில். ஹாலில் எல்லாரும் திரும்பினார்கள். அப்பா தன் ஐந்து பக்கத்தையும் மடித்தார், பிரித்தார், மடித்தார்.

வீட்டுக்குத் தனித்தனியாக வந்தோம்.

ஜூலை 19

அடுத்த வீட்டுப் பட்டு மாமி வாசலில் நின்று, தெருவே கேட்க, "காலம் கெட்டுப்போச்சு" என்றாள். அப்புறம் கொல்லைப்புறமாக உறை மோர் கேட்டு வந்து, என் கையைப் பிடித்து, "நன்னாச் சொன்னேடி" என்றாள். உறை மோரை மறந்துவிட்டுப் போனாள்.

அப்பா பேசவில்லை. அம்மா எனக்கு மட்டும் இரண்டாம் தரம் நெய் விட்டாள்.

ஜூலை 20

மணி அண்ணா ஆபீஸில் கமிட்டியின் நடவடிக்கைக் குறிப்பைப் பார்த்தானாம். அப்பா சொன்னது முழுப் பக்கம். நான் சொன்னது ஒரு வரி: "ஒரு பெண்மணி தம் குடும்பச் சிரமங்களைத் தெரிவித்தார்." அவ்வளவுதான். நோன்பு இல்லை, கல்கத்தா இல்லை, பெயர்கூட இல்லை. அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்றதற்கு ஒரு வரி. சீ.

ஜூலை 21, செவ்வாய்

மழை விட்டது. ஸ்கூலிலிருந்து வந்தால் கூடத்தில் சபைக்காரர்கள் மூன்று பேர். நான் உள்ளே. கதவுக்குப் பின்னால் எல்லாம் கேட்டது.

அந்த ஒரு வரியும் இருக்கக்கூடாதாம். சபைக்கு அவமானமாம். அப்பா கமிட்டிக்கு ஒரு மனு கொடுக்கவேண்டும்: என் பெண்ணுக்குச் சித்த ஸ்வாதீனம் இல்லை, அவள் சொன்னதைத் தள்ளிவிடவும் என்று. எழுதியே கொண்டுவந்திருந்தார்கள். கையெழுத்துதான் பாக்கி.

"தர்மத்தைக் காப்பாத்தறதுக்காகத்தானே, முன்ஷி சார்" என்றது ஒரு குரல்.

அப்பா மனுவை வாய்விட்டு ஒரு தரம் வாசித்தார். 

"பொய்க் கையெழுத்துப் போட்டு என்ன தர்மம்?" என்றார் கடைசியில். "அவ புத்தி சரியாத்தான் இருக்கு. எழுந்திருங்கோ."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். சனிக்கிழமைக்கு அப்புறம் முதல் பேச்சு:

"ஆனா நீ அங்க பண்ணினது தப்பு."

"எது தப்பு அப்பா? எனக்கு நடந்ததா, நான் சொன்னதா?"

டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சொன்னதுதான் தப்புன்னு இப்போ வரைக்கும் நினைச்சிண்டிருந்தேன்" என்றார்.