கப்பலுக்கு நேரம் கிடைக்கேல்லை

வியாழன், லாசால்

பள்ளிக்கூடத்தால வந்த மகள் மது, தாயிட்ட மட்டும் நடந்ததைச் சொல்லிப்போட்டு அறைக்குள்ள போயிட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில இங்க கப்பல் கட்டி, பேந்து அரசியலுக்குப் போன ஒருத்தரைப் பற்றி இண்டைக்கு அவள் வகுப்பில ஐந்து நிமிசம் பிரெஞ்சில பேச வேண்டியிருந்தது. நான்தான் தமிழில எழுதிக் குடுத்தனான். தமிழ்ச் சங்கத்தில பன்னிரண்டு வருசமாச் செயலாளர், எனக்குப் பேச்செழுதத் தெரியாதே?

முறைப்படிதான் எழுதினன். முதல்ல செத்துப்போன அந்த மனுசனுக்கு அகவணக்கம். பிள்ளையள் எல்லாரும் எழும்பி ஒரு நிமிசம் பேசாமல் நிண்டவையாம். ரீச்சரும் தலை குனிஞ்சவவாம். பேந்து ஆசிரியர், பெற்றோர், சக மாணவர் எல்லாருக்கும் தனித்தனி வணக்கம். பேந்து வாய்ப்புத் தந்ததுக்கு நன்றி. பிரெஞ்சில அது இன்னும் நீளுமாம். பேச்சில கப்பல்கார மனுசன் பிறக்க முன்னமே நேரம் முடிஞ்சிட்டுது.

மனுசி சிரிப்பை அடக்கேலாமல் குசினிக்குள்ள போயிட்டா.

"ரீச்சர் ஏசினவவோ?" எண்டு மதுவின்ர அறை வாசல்ல நிண்டு கேட்டன்.

"இல்லை. செத்தவர் உங்கட சொந்தக்காரரோ எண்டு கேட்டவ."

"நீ என்ன சொன்னனி?"

"ஓம் எண்டன். பாவம் பாத்து, திங்கட்கிழமை திரும்பப் பேச விடுறா."

வணக்கத்தோடயே நேரத்தை முடிக்கிற நான், பன்னிரண்டு வருசமாகியும் ஏன் இன்னும் சங்கத்துக்குத் தலைவராகேல்லை எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சுது.